பாஞ்சாலங்குறிச்சிக் கிஸ்தி எங்கே போனது?

1798-ல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் கட்ட வேண்டிய கிஸ்தி பாக்கி 3,310 வராகன் என்றது கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு. கலெக்டர் ஜாக்சன் அதற்காக அவரை ராமநாதபுரம் வரை அலையவைத்த கதை நமக்குத் தெரியும். அந்தப் பணம் எந்தச் செலவுக்குத் தேவைப்பட்டது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

படைச் செலவுக்குத்தான். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி தன் போர்களுக்குக் கம்பெனிப் படையை நம்பியிருந்தார். அதற்குப் பணம் கொடுக்கக் கம்பெனி அதிகாரிகளிடமே வட்டிக்கு வாங்கினார்; ஈடாக ஊர்களின் வரியை எழுதிக்கொடுத்தார். 1792 உடன்படிக்கையின்படி, போரில்லாத ஆண்டுகளிலும் படைக்கென்று 9 லட்சம் வராகன் தர வேண்டும். பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் வேலையையும் கம்பெனியே எடுத்துக்கொண்டது. கரிசல் காட்டு விளைச்சலில் பிடித்த வரி, படைச் சம்பளமாகவும் கடன் வட்டியாகவும் சீமையை விட்டே வெளியேறியது.

பாளையங்களும் படை வைத்திருந்தவைதான். வருவாயில் மூன்றில் ஒரு பங்கு படைக்கு என்பது நாயக்கர் காலத்து ஏற்பாடு. காவல் கூலி கேட்டுக் குடிகளைப் பிழிந்தவர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படைவீரன் உள்ளூர்க்காரன். அவன் கைக்கு வந்தது உள்ளூர்ச் சந்தையில்தான் செலவானது. 1801-ல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் கோட்டை தரைமட்டமானதும் அந்தப் பிழைப்பு போயிற்று, வரி போகவில்லை.

ராணுவச் செலவு வளர்ச்சிக்கு உதவுமா என்ற கேள்விக்கு, 44 வளரும் நாடுகளை ஆராய்ந்த பொருளியலாளர் எமில் பெனாய்ட் 1973-ல் 'உதவலாம்' என்றார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் மறுத்தார்கள். எவ்வளவு செலவு என்பதைவிட, அதற்கான பணம் வரியா கடனா, கடைசியில் அது யார் கைக்குப் போகிறது என்பதே முக்கியம் என்று பாஞ்சாலங்குறிச்சியைப் படித்தவர்களுக்குத் தோன்றும்.

2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ரூ.6.81 லட்சம் கோடி. இதில் ஓய்வூதியம் மட்டும் சுமார் ரூ.1.61 லட்சம் கோடி. அது ஓய்வுபெற்றவர்களின் வீடுகளுக்கே நேராக வந்து சேர்கிறது. வெளிநாட்டு விமானத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அந்த நாட்டுத் தொழிலாளிக்குக் கூலியாகிறது. ஆயுதக் கொள்முதலில் முக்கால் பங்கை உள்நாட்டு நிறுவனங்களுக்கு ஒதுக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் மையங்கள் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி. பாஞ்சாலங்குறிச்சி இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்துக்கு, துறைமுகம் இருந்தும், அதில் இடமில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.