ஜன்னல் வைத்த நீர்மூழ்கிக் கப்பல்

கொடைக்கானல் மேல்மலையில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். என் மாணவர்களில் பலர் கடலை நேரில் பார்த்ததில்லை. 'விசையும் அழுத்தமும்' பாடம் முடிந்ததும், நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னேன். ஒரு மாணவி, கப்பலின் முதுகில் நிற்கும் கோபுரத்தில் வரிசையாக நான்கு ஜன்னல்களை வரைந்திருந்தாள்.

"ஆழத்தில் தண்ணீர் அழுத்தும். கண்ணாடி தாங்காது. அதனால்தானே பெரிஸ்கோப் வைத்திருக்கிறார்கள்?" என்று சொல்லி, ஜன்னல்களின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டேன்.

"ஒரு போட்டோல பார்த்தேன் சார்" என்றாள்.

"தப்பா பார்த்திருப்பே" என்றேன். அவள் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஆண்டு மே விடுமுறையில் குடும்பத்தோடு விசாகப்பட்டினம் போயிருந்தேன். ராமகிருஷ்ணா கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். சோவியத் நாட்டில் கட்டப்பட்ட ஃபாக்ஸ்ட்ராட் வகைக் கப்பல் அது. நீளம் சுமார் 91 மீட்டர். 1969 டிசம்பரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, 31 ஆண்டுகள் பணியாற்றி, 2001இல் ஓய்வு பெற்றது. 2002 முதல் மக்கள் உள்ளே சென்று பார்க்கிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். கோபுரத்தின் முன்பக்கத்தில் சிறிய கண்ணாடி ஜன்னல்கள் வரிசையாக இருந்தன! எனக்கு அந்தச் சிவப்புக் கோடுதான் நினைவுக்கு வந்தது.

அந்த ஜன்னல்கள் எதற்காக? நீர்மூழ்கிக் கப்பல் எப்போதும் நீருக்கடியிலேயே இருப்பதில்லை. குர்சுரா டீசலாலும் மின்கலத்தாலும் ஓடிய கப்பல். டீசல் இயந்திரத்துக்குக் காற்று வேண்டும். ஆகவே துறைமுகத்தை விட்டுப் புறப்படும்போதும் திரும்பும்போதும் இது நீரின் மேல்தான் செல்லும். அப்போது அதிகாரி ஒருவர் கோபுரத்தில் நின்று சுற்றிலும் பார்த்து வழிநடத்துவார். சோவியத் கடற்படை உறைபனிக் கடல்களில் இயங்கியது. அங்கே திறந்த மேடையில் மணிக்கணக்கில் நிற்பவரின் முகத்தில் அலையும் குளிர்காற்றும் அடிக்கும். அதனால் கூரையும் கண்ணாடியும் உள்ள ஒரு நிற்குமிடத்தைக் கோபுரத்துக்குள்ளேயே அமைத்தார்கள். நம் மலைப்பாதையில் மழைநாளில் பைக்கில் வருபவரையும், முன்கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் பேருந்து ஓட்டுநரையும் ஒப்பிட்டால் குழந்தைகளுக்கு உடனே புரிந்துவிடும். எல்லா நாடுகளும் இப்படிச் செய்யவில்லை. அமெரிக்கக் கப்பல்களில் கோபுரத்தின் உச்சியில் திறந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

இனி முக்கியமான கேள்வி. கப்பல் மூழ்கும்போது அந்தக் கண்ணாடி ஏன் உடைவதில்லை?

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 100 மீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் நீர் ஏறத்தாழ 10 கிலோ எடையளவு விசையோடு அழுத்தும். 30 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள ஜன்னலின் பரப்பு 900 சதுர செ.மீ. ஆக, அதன் மீது சுமார் 9,000 கிலோ, அதாவது 9 டன்! கண்ணாடிக்குப் பின்னால் காற்று மட்டும் இருந்தால் நான் வகுப்பில் சொன்னதுபோலவே நொறுங்கும்.

ஆனால் பின்னால் காற்று இல்லை, தண்ணீர் இருக்கிறது. நாம் வெளியிலிருந்து பார்க்கும் கோபுரம் பெரும்பாலும் வெறும் மேலுறைதான். கப்பல் மூழ்கும்போது துளைகள் வழியாக நீர் அதற்குள் புகுந்து நிரம்பிவிடும். வெளியிலிருந்து 9 டன் என்றால் உள்ளிருந்தும் 9 டன். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுவதால் கண்ணாடிக்குச் சுமையே இல்லை. அழுத்தத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் தடித்த எஃகு உடல். மாலுமிகள் அதற்குள் இறங்கி, மூடியை இறுக அடைத்த பிறகுதான் கப்பல் மூழ்கும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருந்த அந்த மாணவியையும் அவளுடைய வகுப்பையும் ஒரு பாடவேளைக்குக் கேட்டு வாங்கினேன். குர்சுராவின் படத்தைக் காட்டி, "நான் போட்ட கோடு தவறு. அவள் பார்த்தது சரி" என்றேன். பிறகு இரண்டு சோதனைகள் செய்தோம்.

முதல் சோதனைக்கு ஒரு வாளித் தண்ணீரும் பாலிதீன் பையும் போதும். பைக்குள் கையை விட்டு, பையின் வாய் நனையாமல் நீரில் இறக்கினால், பை நாலாபக்கமும் கையோடு ஒட்டிக்கொள்ளும். அதே பையின் அடியில் ஓட்டை போட்டு இறக்கினால் நீர் உள்ளே வரும், பை ஒட்டாது.

இரண்டாவது, மலைப்பள்ளிகளுக்கே உரியது. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். மெல்லிய காலி தண்ணீர் பாட்டில்கள் இரண்டை எடுத்தோம். இரண்டையும் மூடினோம், ஒன்றில் மட்டும் பக்கவாட்டில் ஓட்டை போட்டோம். சனிக்கிழமை வத்தலக்குண்டுக்குப் போகும் மாணவன் ஒருவனிடம் கொடுத்தனுப்பினேன். திங்கட்கிழமை வந்து, "ஓட்டை போட்டது அப்படியே இருந்துச்சு சார். இன்னொண்ணு கீழ போனதும் ஒடுங்கிப்போச்சு. ஆனா மேல வந்ததும் சரியாயிருச்சு!" என்றான். ஏன் சரியானது என்பதை வகுப்பே விளக்கியது. நான் குறுக்கே பேசவில்லை.

கடைசியில் அந்த மாணவி கேட்டாள்: "அப்போ கப்பல் முங்கும்போது ஜன்னல் பக்கத்துல யாரும் இருக்கமாட்டாங்களா சார்?"

"இருக்கமாட்டார்கள். அங்கே தண்ணீர் மட்டும்தான்" என்றேன்.

அவளுக்குப் பதில் தெரிந்துதான் இருந்தது. உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கேட்டாள். இப்போதெல்லாம் எதிர்பாராத ஒன்றை ஒரு குழந்தை வரைந்திருந்தால், கோடு போடுவதற்கு முன் பக்கத்தில் இரண்டு சொற்கள் எழுதுகிறேன்: "எங்கே பார்த்தாய்?"