முழங்கைக்குள் ஒரு கதவுக் கீல்

பூட்டில் சாவியைச் செருகித் திருப்புகிறோம். திரும்புவது எது? மணிக்கட்டு என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். நீங்களே சோதித்துப் பாருங்கள். வலது முழங்கையை மடக்கி, விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்கையை நேரே நீட்டுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். இடக்கை விரல்களால் வலது முழங்கையின் கூரான நுனியைப் பற்றிக் கொள்ளுங்கள். இனி உள்ளங்கையைக் கவிழுங்கள். கை கவிழ்ந்துவிட்டது; நுனியோ ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது! மணிக்கட்டும் தானாகத் திரும்பவில்லை; முன்கையோடு சேர்ந்துதான் திரும்பியது.

இது எப்படி நடக்கிறது? முன்கையில் இரண்டு எலும்புகள் உள்ளன. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆர எலும்பு. நீங்கள் பற்றிய நுனி அல்னாவினுடையது. மேற்கை எலும்பின் அடிமுனை, கிணற்று ராட்டினத்தைப் போல நடுவில் பள்ளம் விழுந்தது. அல்னாவின் தலைப்பகுதி கொக்கி போல வளைந்து அந்தப் பள்ளத்தைக் கவ்விக் கொண்டிருக்கிறது. கதவுக் கீலைப் போல மடங்கவும் நீளவும்தான் அதனால் முடியும், சுழல முடியாது.

சுழல்வது ஆர எலும்பு. அதன் மேல்முனை சட்டைப் பொத்தானைப் போல வட்டமானது. உறுதியான நார் ஒன்று அதை வளையமாகச் சுற்றி வந்து, இரு முனைகளிலும் அல்னாவோடு ஒட்டியிருக்கிறது. மேல்முனை இந்த வளையத்துக்குள் சுழல, கீழ்முனையோ அல்னாவைச் சுற்றி வந்துவிடுகிறது. உள்ளங்கை மேலே பார்க்கும்போது இணையாக இருந்த எலும்புகள், கை கவிழ்ந்தபின் பெருக்கல் குறியைப் போலக் குறுக்காகக் கிடக்கின்றன. ஆக, ஒரே உறைக்குள் கீல் மூட்டு ஒன்று, முளை மூட்டு ஒன்று. எந்தத் தச்சரும் இப்படி ஒரு கீல் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வளர்ந்தவர் உடலில் உள்ள 206 எலும்புகளும் ஒன்றோடொன்று சேரும் இடங்கள் எல்லாம் இப்படி அசைவன அல்ல. மண்டையோட்டு எலும்புகள் பல் கோத்தாற்போலப் பின்னிக் கிடக்கின்றன. தோளில் இருப்பது பந்துக்கிண்ண மூட்டு. அங்கே கிண்ணம் ஆழமற்றது. ஆகவே கை எத்திசையிலும் சுழலும், எளிதில் பிசகவும் செய்யும். இடுப்பிலும் அதே வகை மூட்டுதான். ஆனால் கிண்ணம் ஆழமானது. தலையை ‘இல்லை’ என்று ஆட்டுகிறீர்களே, அது கழுத்தில் உள்ள முளை மூட்டின் வேலை.

முழங்கையை எதிலாவது இடித்துக்கொண்டால் ‘சுரீர்’ என்று மின்சாரம் பாய்ந்தாற்போல் இருக்கும் அல்லவா? அது எலும்பின் வலியன்று. உட்புற மேட்டுக்குப் பின்னால் ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. இடி விழுவது அதன்மேல்தான். சுண்டுவிரல் வரை சுள்ளென்று ஓடுவதும் அதனால்தான்.

இனி அந்த நார் வளையத்துக்கு வருவோம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது இன்னும் இறுகியிருக்காது. உங்கள் தம்பியையோ தங்கையையோ ஒரு கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினாலும் இழுத்தாலும் வளையம் நழுவி எலும்புகளுக்கு இடையில் சிக்கிக் கொள்ளும். குழந்தை அழும், பிறகு அந்தக் கையை அசைக்காமல் தொங்கவிட்டுக் கொண்டிருக்கும். வீக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே பெரியவர்கள், “ஒன்றுமில்லை” என்று விட்டுவிடுவதும் உண்டு. மருத்துவர் சில நொடிகளில் அதைச் சரிசெய்துவிடுவார். கைகளைப் பிடித்து ராட்டினம் போலச் சுற்றி விளையாடுவதும் ஆபத்துதான். தூக்குவதானால் இரு அக்குள்களிலும் கை கொடுத்துத் தூக்குங்கள்.

உங்கள் வயதினருக்கு வேறு ஆபத்து உண்டு. மரத்திலிருந்தோ சைக்கிளிலிருந்தோ விழும்போது கையை ஊன்றுகிறோம். விழுந்த வேகம் முழுவதும் முழங்கைக்கு ஏறுகிறது. மேற்கை எலும்பு அடிமுனைக்குச் சற்று மேலே தட்டையாகி மெலிந்திருக்கும். சிறுவர்களுக்கு முறிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அதை ஒட்டியே கைக்கு இரத்தம் கொண்டு போகும் தமனியும் நரம்புகளும் செல்கின்றன. முறிந்த கூரிய முனை அவற்றைக் குத்தலாம். இதைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவி உருவிவிடுவதும், இழுத்து இறுக்கிக் கட்டுவதும் மிகவும் கெடுதல். வீக்கம் உள்ளே, கட்டு வெளியே. நடுவில் இரத்தம் ஓட வழியின்றிப் போனால் சில மணி நேரத்திலேயே தசைகள் அழியத் தொடங்கும்.

கை இருக்கிற நிலையிலேயே, மடித்த செய்தித்தாளையோ அட்டையையோ அணை கொடுத்துத் தளர்வாகக் கட்டி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விரல்கள் வெளுத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்துப் போனாலோ, விரலை நீட்டும்போது வலி தாங்க முடியாமல் இருந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

எக்ஸ்ரே எடுக்கும்போது மருத்துவர் சில வேளைகளில் அடிபடாத கையையும் படம் எடுப்பார். சிறுவர்களின் முழங்கையில் எலும்பு முனைகள் பலவும் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். குருத்தெலும்பு எக்ஸ்ரே படத்தில் தெரியாது. ஆகவே எது முறிவு, எது இயல்பான இடைவெளி என்று அறிய மற்றக் கையோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது.

மாவுக்கட்டைப் பிரித்ததும் முழங்கை விறைத்திருக்கும். பிறர் பிடித்து வலுவில் மடக்கினால், காயம்பட்ட தசைக்குள்ளேயே எலும்பு வளரக்கூடும். மருத்துவர் சொன்னபடி நீங்களே நாள்தோறும் மெல்ல மடக்கி நீட்டி வந்தால் அசைவு சிறிது சிறிதாகத் திரும்பும்.