காருக்குப் போட்ட நகை

வாசலில் நின்ற எங்கள் காரை அந்தப் புரோக்கர் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். முன்பக்கத்துக் கம்பியை விரலால் தட்டினார். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "காலேஜ் பசங்க ஓட்டின வண்டியா ஸார்?" என்று என் கணவரைக் கேட்டார்.

"இல்லையே, நான்தான் ஓட்டறேன்" என்றார் இவர், கொஞ்சம் பெருமையாகவே.

புரோக்கர் ஒரு தினுசாகத் தலையை ஆட்டிக் கொண்டார். அது முப்பத்தைந்தாயிரம் ரூபாய்த் தலையாட்டல் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

இது நடந்தது 2023 ஜூலையில். பெண்ணுக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. பீஸும் ஹாஸ்டல் பணமும் இரண்டு வாரத்துக்குள் கட்டியாக வேண்டும். கையில் இருந்தது போதவில்லை. "எதுக்குக் கவலைப்படறே? காரைக் கொடுத்துடலாம்" என்று இவர் தைரியம் சொன்னார். 2016-ல் வாங்கிய சின்னப் பெட்ரோல் கார். ஐம்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. என் நாத்தனார் வீட்டிலும் அதே கார், அதே வருஷம் வாங்கியது. மூன்று மாதத்துக்கு முன்னால்தான் 3,45,000 ரூபாய்க்குக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் கார், கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே மொட்டையாக இருக்கும். எங்களுடையது ஜோடித்த கார். ஆகவே நமக்குக் கூடத்தான் கிடைக்கும் என்பது இவர் போட்ட கணக்கு.

புரோக்கர் சொன்ன விலை 3,10,000.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுச் செலவு எதுவானாலும் நோட்டில் எழுதி வைத்துவிடுவேன். அன்று ராத்திரி பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அலாய் வீலும் அகலமான டயரும் 32,000. வூஃபர், ஆம்ப்ளிஃபயரோடு பாட்டுப் பெட்டி 24,000. பானெட்டுக்கு ஒட்டிய கறுப்பு உறையும் கண்ணாடிக்கு ஒட்டிய கூலிங் பேப்பரும் 12,000. கண்ணைக் கூசும் ஹெட்லைட் 9,000. ஸீட் உறை 8,500. முன்பக்கக் கம்பி 6,500. பின்னால் இறக்கை மாதிரி ஒன்று 4,000. கூட்டிப் பார்த்தால் 96,000 ரூபாய்! ஒரே தடவையில் கேட்டிருந்தால் நானே "வேண்டாம்" என்றிருப்பேன். தீபாவளி போனஸில் ஒன்று, பிறந்த நாளுக்கு ஒன்று என்று ஏழு வருஷத்தில் சிறுகச் சிறுக வந்தவை. சும்மா சொல்லக் கூடாது, அந்த ஸீட் உறையின் கலரைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

மறுநாள் புரோக்கரிடமே கேட்டேன். "ஒரு லட்சம் செலவு பண்ணியிருக்கோம். கூடக் கொடுக்க வேண்டாம், குறைக்காமலாவது இருக்கலாமே?"

அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, நீங்க பழைய நகை போட்டுப் புது நகை எடுத்திருப்பீங்க. கடைக்காரர் கல்லை எல்லாம் கழிச்சுட்டுத்தானே எடை போடுவார்? செய்கூலியும் சேதாரமும் திரும்பத் தருவாரா? இதுவும் அப்படித்தான். தங்கத்துக்குத்தான் விலை, கல்லுக்கு இல்லை."

இதைவிடத் தெளிவாக வேறு யாராலும் எனக்கு விளக்கியிருக்க முடியாது.

ஆனால் நகையில் கல்லைக் கழிப்பதோடு விட்டுவிடுகிறார்கள். காரில் அதற்கு மேலும் போகிறார்கள். ஏன் என்றால், பழைய கார் வாங்க வருபவர் முக்கால்வாசி நம்மைப் போன்ற குடும்பஸ்தர். ஆபீஸுக்கும் கோயிலுக்கும் போய்வர ஒரு வண்டி வேண்டும், அவ்வளவுதான். இவருக்குப் பிடித்த கறுப்பு பானெட் அவருக்கு ஏன் பிடிக்க வேண்டும்? அது ஒன்று. இரண்டாவதுதான் பெரியது - சந்தேகம். அகலச் சக்கரமும் இறக்கையும் போட்ட காரைப் பார்த்ததும், "இதைக் கண்மண் தெரியாமல் ஓட்டியிருப்பான்" என்று மனசு சொல்லிவிடுகிறது. இவர் நாற்பதைத் தாண்டாதவர் என்பது எனக்குத் தெரியும். வாங்க வருபவருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது, ஒயர். எங்கள் தெருக்கோடியில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் டாஷ்போர்டைக் கழற்றிக் காட்டினார். ஆம்ப்ளிஃபயருக்காகக் கம்பெனி ஒயரை நடுவில் வெட்டி, வேறு ஒயரை முறுக்கி, டேப் சுற்றி வைத்திருந்தார்கள். "இந்த இடத்தில் சூடேறினால் புகை வருவது நிச்சயம் அக்கா" என்றார். குழந்தைகளைப் பின் ஸீட்டில் தூங்க வைத்துக்கொண்டு எத்தனை ராத்திரிப் பிரயாணம் போயிருப்போம்! அப்படி ஒயரை வெட்டினால், வாரண்டிக் காலத்தில் அந்தப் பகுதியில் வரும் ரிப்பேரைத் தங்கள் கணக்கில் செய்து தரக் கம்பெனி மறுத்துவிடலாம்.

நாலாவதாகச் சட்டம். இதைப் பெண்கள் நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் எத்தனையோ வீடுகளில் வண்டி நம் பேரில்தான் இருக்கிறது.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தயாரித்த கம்பெனி முதலில் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் வித்தியாசம் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். கறுப்புக் கூலிங் பேப்பருக்கு 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சத்தையும் பக்கத்துக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும் என்பது விதி. காரின் நிறத்தையே மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் பதிய வேண்டும். நிறமும் இஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் அதில் எழுதியிருக்கிறதே, ஒத்துப் பார்க்க மாட்டார்களா? பேர் மாற்றும்போது இடிக்கும் என்று தெரிந்தால் புரோக்கர் அந்த அலைச்சலுக்கும் சேர்த்து விலையில் கழித்துவிடுகிறார்.

முன்பக்கக் கம்பியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். "பம்பர் அடிபடாமல் காப்பாத்தும்" என்று சொல்லித்தான் கடையில் விற்கிறார்கள். இடி விழுந்தால் காரின் முன்பாகம் நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். குறுக்கே கம்பி வந்தால் அந்த அடி நேராகச் சட்டத்துக்கு, அங்கிருந்து உள்ளே இருக்கும் நமக்கு வந்து சேருகிறது. காற்றுப் பை விரிய வேண்டிய நேரத்தில் விரியாமலும் போகலாம். ரோட்டில் நடந்து போகிறவர் மேல் பட்டால் சொல்லவே வேண்டாம். 2017 டிசம்பரில் மத்திய அரசு, இந்தக் கம்பி போட்ட வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. எங்கள் காரில் அதற்குப் பிறகும் ஐந்து வருஷத்துக்கு மேல் கம்பி இருந்தது.

ஸீட் உறையும் பார்க்கிற அளவுக்குச் சாதுவானதல்ல. இப்போது வருகிற பல கார்களில் பக்கவாட்டுக் காற்றுப் பை முன் ஸீட்டின் ஓரத் தையலைப் பிரித்துக்கொண்டுதான் வெளியே வரும். அதன் மேல் கனமான உறையை இழுத்துத் தைத்துவிட்டால் அது எப்படி வரும்? உறை போட வேண்டுமென்றால், அந்த இடத்தைத் திறந்து விட்டதாக, உங்கள் காருக்கென்றே தைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். புரோக்கர் இதற்கு ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. குறைத்திருந்தாலும் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

காஸ் கிட் போட்ட கார் வேறு கதை. பெட்ரோல் விற்கிற விலையில் சி.என்.ஜி. போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற கிட்டாக, அங்கீகாரம் பெற்ற இடத்தில் போட்டு, ஆர்.சி.யில் எரிபொருளை மாற்றிப் பதிந்து, இன்ஷ்யூரன்ஸிலும் சேர்த்திருந்தால் அது முறையானதுதான். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சிலிண்டரைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். இந்தக் காகிதங்கள் இருந்தால் காஸ் காரைத் தேடி வருகிறவரிடம் மதிப்பு உண்டு. காகிதம் இல்லாவிட்டால் அதே கிட் தலைவலி. டிக்கியில் இடம் போவதையும் நினைத்துப் பாருங்கள். தொட்டில் வயசுக் குழந்தை இருக்கிற வீட்டில், ஊருக்குப் போகிற மூட்டை எங்கே போகும்? சமையல் காஸைக் காரில் போட்டு ஓட்டும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அவர்கள் வண்டியில் ஏறாமல் இருப்பதே நமக்கு நல்லது.

இன்ஷ்யூரன்ஸ் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பாலிஸியில் காரின் மதிப்பு என்று ஒரு தொகை போட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். கம்பெனியின் விற்பனை விலையிலிருந்து வருஷத்துக்கு இவ்வளவு தேய்மானம் என்று கழித்து எழுதுவது அது. நாலு வருஷம் தாண்டி ஐந்தாவது வருஷம் முடிவதற்குள் பாதியாகிவிடும். நீங்கள் வெளியில் வாங்கிப் பூட்டிய பாட்டுப் பெட்டி அந்தத் தொகையில் சேரவே சேராது. தனியாகத் தெரிவித்து, அதற்கும் பிரீமியம் கட்டியிருந்தால்தான் உண்டு. சொல்லாமல் மாற்றியது விபத்துக்குக் காரணம் என்று கண்டுபிடித்தால், நஷ்ட ஈடு தருவதற்கே ஆட்சேபம் சொல்வார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். மெக்கானிக் அண்ணன்தான் வழி சொன்னார். "போட்டதைக் கழற்றுங்க. பழைய சாமானை மாட்டிக் காட்டுங்க, விலை ஏறும்."

பழைய சாமான் எங்கே? ஹெட்லைட் பரணில் இருந்தது. சக்கரம்? இவர் தலையைச் சொறிந்தார். அலாய் வீல் வாங்கியபோது கடைக்காரர், "பழசைக் கொடுத்துட்டா மூவாயிரம் குறைச்சுக்கறேன்" என்றாராம். இவரும் கொடுத்துவிட்டாராம். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. அந்த மூவாயிரத்துக்காக, வேறு இடத்தில் பழைய இரும்புச் சக்கரம் நாலும் டயரும் தேடிப் பிடிக்க 13,000 கொடுத்தோம். நல்ல வேளை, அலாயை ஒரு பையன் 15,000-க்கு வாங்கிக்கொண்டான். வூஃபரைத் தனியாக விற்றோம், 5,000 வந்தது. கம்பியையும் இறக்கையையும் கழற்றி, துளைகளை அடைத்து, வெட்டிய ஒயரை ஒழுங்காக இணைக்க 6,000 ஆயிற்று.

பானெட்டில் இருந்த கறுப்பு உறையை உரித்ததும் அடுத்த அதிர்ச்சி. உறைக்குக் கீழே பெயிண்ட் வாங்கின நாள் போல் பளபளக்கிறது. மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்துப் போயிருக்கிறது. ஒரே காரில் இரண்டு சிவப்பு! "பானெட் மட்டும் மாத்தின மாதிரி இருக்கே, ஆக்ஸிடென்ட் வண்டியா?" என்று வருகிறவர்களெல்லாம் கேட்டார்கள். அது ஆகவில்லை என்று காட்ட சர்வீஸ் புத்தகமும் பில்களும்தான் உதவின. அவற்றை ஒன்று விடாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். இரண்டாவது சாவியும் அதிலேயே இருந்தது. வாங்க வந்த அம்மாள் அந்தக் கவரை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ரிவர்ஸ் காமிரா ஒன்று, வீட்டில் பேரன் தவழ ஆரம்பித்தபோது மாமனார் போடச் சொன்னது. அதை மட்டும் கழற்றாமல் விட்டிருந்தோம். "இது நல்லா இருக்கே" என்று அவர் சொன்ன ஒரே உபரி சாமான் அதுதான்.

3,32,000-க்கு முடிந்தது. பீஸ் கட்டக் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது. நாத்தனார் வீட்டுக் காரைவிட 13,000 குறைவுதான். அவளிடம் இன்னும் சரியான தொகையைச் சொல்லவில்லை.

2024-ல் மறுபடியும் ஒரு கார் வாங்கினோம், பழையதுதான். பார்த்துப் பார்த்து மொட்டை வண்டியாகத் தேடியதால் இரண்டு மாதம் ஆயிற்று. ஆர்.சி.யோடு நிறத்தை ஒத்துப் பார்த்தேன். டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து டேப் சுற்றிய ஒயர் இருக்கிறதா என்று நான்தான் குனிந்து பார்த்தேன். விற்க வந்தவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

போன தீபாவளிக்கு இவர் மெல்ல ஆரம்பித்தார். "ஏம்மா, இந்தக் காருக்கு ஒரு அலாய் வீல் போட்டா நல்லாத்தான் இருக்கும், இல்லே?"

"போடுங்களேன். கம்பெனி போட்ட அதே அளவாப் பார்த்து வாங்குங்க. பழைய சக்கரம் நாலையும் வைக்கப் பரணை மட்டும் முதல்லே ஒழிச்சுக் கொடுத்துடுங்க" என்றேன்.

பரண் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.