மெல்லச் சுழலும் துளைப்பொறி

வீட்டுப் பட்டறைக்குத் துளைப்பொறி வாங்கச் செல்வோர் பெரும்பாலும் மின்னோடியின் குதிரைத்திறனையே முதலில் வினவுகின்றனர். உலோகத்தைத் துளைக்க விழைவோர் முதலில் அறிய வேண்டியது வேறு: இப்பொறி எவ்வளவு மெதுவாகச் சுழல வல்லது?

அலகின் வெளிவிளிம்பு ஒரு நிமிடத்தில் உலோகத்தின்மேல் ஓடும் தொலைவே வெட்டுவேகம். அதிவேக எஃகாலான அலகு, மென்னெஃகில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 மீட்டர் ஓடலாம். 3 மில்லிமீட்டர் அலகுக்கு இது நிமிடத்துக்கு 2,650 சுற்று. 12 மில்லிமீட்டர் அலகுக்கோ 660 சுற்றுதான். எவர்சில்வருக்கு 10 மீட்டரே தகும் எனக் கொண்டால், அதே 12 மில்லிமீட்டர் அலகு 265 சுற்றுக்கு இறங்க வேண்டும். விரைந்து சுழன்று, வெட்டாமல் உரசும் அலகின் கீழ் எவர்சில்வர் மேலும் கடினமாகும். பின்பு புதிய அலகும் அதில் இறங்க மறுக்கும்.

சிறிய மேசைப்பொறிகள் பலவற்றில் மிகக் குறைந்த வேகமே 500 சுற்றுக்கு மேல் இருக்கிறது. மரவேலைக்கு அது போதும். உலோகத்துக்கு, நடுவே மூன்றாவது கப்பி ஒன்றைக் கொண்டு இருமுறை வேகங்குறைக்கும் பொறியையே நான் பரிந்துரைப்பேன். நம் நாட்டு மின்சாரத்தில் 1,440 சுற்று சுழலும் மின்னோடியின் வேகத்தைப் பட்டையும் கப்பியும் குறைக்கும்போது முறுக்குவிசை அதே அளவு பெருகுகிறது. பருத்த அலகுக்கு வேண்டியது அவ்விசையே.

அடுத்தது விறைப்பு. முறுக்கலகின் நடுமுனையில் உளிபோன்ற சிறு விளிம்பு உண்டு. அச்சை ஒட்டியிருப்பதால் அது ஓடும் வேகம் மிகக் குறைவு. வெட்டுவதினும் மிகுதியாக அது உலோகத்தை நசுக்கியே ஒதுக்குகிறது. கைப்பிடியில் நாம் கொடுக்கும் அழுத்தத்தின் பெரும்பங்கு இதற்கே செலவாகிறது. அவ்வழுத்தம் மேடையைக் கீழே தள்ளுகிறது, தலைப்பகுதியை மேலே தூக்குகிறது. இடையிலுள்ள தூண் வில்லைப்போல் வளைகிறது. நடுமுனை மறுபக்கம் வெளிப்பட்டதும் எதிர்ப்பு சட்டெனக் குறைகிறது. வளைந்த தூண் நிமிர்கிறது, அலகு பாய்ந்து இறங்குகிறது, எஞ்சிய விளிம்பைக் கொக்கியாய்ப் பற்றித் தகட்டையே சுழற்றிவிடுகிறது. விரல்கள் அறுபடுவது இந்த நொடியில்தான். ஆகவே எத்துணைச் சிறிய துண்டாயினும் வைஸில் இறுக்கி, வைஸை மேடையோடு பிணைத்தே துளையிடுக. கையுறை அறவே கூடாது. சுழலும் அலகு அதைப் பற்றினால் கையையும் இழுத்துக்கொள்ளும்.

தூணின் பருமனில் சிக்கனம் பார்ப்பது இதனாலேயே பிழை. வளைவை எதிர்க்கும் ஆற்றல் விட்டத்தின் நான்காம் அடுக்காக வளர்கிறது. 50 மில்லிமீட்டர்த் தூணை 70 ஆக்கி, சுவர்த் தடிப்பையும் அதே விகிதத்தில் கூட்டினால் விறைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். தலையும் மேடையும் வார்ப்பிரும்பாயிருத்தல் நன்று. அதனுள் பரவிய கரிச்செதில்கள் அதிர்வை விழுங்கிக்கொள்கின்றன.

விறைப்பைக் கடையிலேயே ஆய்ந்துவிடலாம். மின்னிணைப்பைத் துண்டித்து, மேடைமேல் ஒரு மரக்கட்டையை வைத்து, சக்கின் முகம் கட்டையில் பதியும்படி கைப்பிடியை அழுத்துக. தலைப்பகுதி மேலெழுவது வெறுங்கண்ணுக்கே தெரிந்தால் அடுத்த பொறியைப் பார்க்கலாம். தெரியவில்லையெனில் சக்கில் நேரான எஃகுக் கோல் ஒன்றைப் பூட்டி, முள்மானியை அதன்மேல் பொருத்தி, சுழல்தண்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுக. முள் 0.05 மில்லிமீட்டருக்குள் அசைந்தால் அந்தப் பொறியை வாங்கலாம்.