படம் பிடிப்பதற்கு முன்பே படத்தைப் பார்த்துவிடலாம்

"அக்கா, கதை இருக்கு. ஆனா எனக்கு ஒரு மனுஷன் உருவத்தக்கூட ஒழுங்கா வரைய வராது. நான் எப்படி ஸ்டோரிபோர்டு போடுறது?"

சுங்கைப்பட்டாணி, கூலிம், லூனாஸ் என்று கெடாவில் எங்கே மாணவர்களைச் சந்தித்தாலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். நான் அனிமேஷன் தொடர்களுக்கும் விளம்பரப் படங்களுக்கும் ஸ்டோரிபோர்டு வரைபவள். பீடோங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: குச்சி மனிதன் போதும். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு கோடு, எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று காட்ட ஒரு மூக்கு. மூக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஸ்டோரிபோர்டைக் கதைப்பலகை என்றும் சிலர் எழுதுகிறார்கள். திரையில் வரப்போகும் ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு கட்டத்துக்குள் வரைந்து, யார் என்ன செய்கிறார், என்ன பேசுகிறார், கேமரா எங்கே நிற்கிறது, எத்தனை விநாடி என்று கீழே குறித்து வைப்பதுதான் அது. அந்தக் கட்டங்களை அவற்றின் விநாடிக் கணக்குப்படி வரிசையாக ஓடவிட்டு, பேச்சையும் சத்தத்தையும் சேர்த்துவிட்டால் அதற்குப் பெயர் அனிமேட்டிக். கோட்டுப் படங்களால் ஆன ஒரு முழுப்படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பழக்கம் அனிமேஷனில் பிறந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1,440. நடிகர்களை வைத்துப் படம் எடுப்பவர் ஒரே காட்சியைப் பத்து முறை எடுத்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிப் போடலாம். அனிமேஷனில் அப்படி வெட்டிப் போட்டால் சில கலைஞர்களின் ஒரு மாத உழைப்பு குப்பைக்குப் போகும். அதனால் அங்கே படத்தொகுப்பு முதலிலேயே நடக்கிறது. 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் நிறுவனத்தில், வரைந்த தாள்களைப் பெரிய பலகையில் வரிசையாகக் குத்திவைத்து, பிடிக்காததைக் கழற்றி இடம் மாற்றிப் பார்க்கத் தொடங்கினார்கள். 1933இல் வந்த 'மூன்று பன்றிக்குட்டிகள்' முழுமையாக ஸ்டோரிபோர்டு போட்டுச் செய்த ஆரம்பகாலப் படங்களில் ஒன்று.

பிறகு மற்ற சினிமாவும் இதை எடுத்துக்கொண்டது. கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்த சத்யஜித் ராய், 1955இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி'க்கு வழக்கமான திரைக்கதை எழுதி வைத்திருக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய ஓவியங்களும் குறிப்புகளும்தான் இருந்தன. அதைத் தூக்கிக்கொண்டுதான் தயாரிப்பாளர்களைப் பார்க்கப் போனார். ஜப்பானின் அகிரா குரோசாவா, 'ககேமுஷா'வுக்குப் பணம் கிடைக்காமல் இருந்த காலத்தில் அதன் காட்சிகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டிக்கொண்டிருந்தார். 1980இல் படம் வந்தது. இருவருமே கையில் காசு இல்லாதபோது தாளில் படம் எடுத்தவர்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு கதைகளையும் நான் தவறாமல் சொல்வேன்.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படம் 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்'. அதை உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். ஃபிலிம் நெகாராவில் அரங்க வடிவமைப்பாளராக இருந்தவர். 1978இல் முடித்த படம் 1983இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. 'உப்பின் இப்பின்', 'போபோய்போய்', 'ஏஜென் அலி' எல்லாம் தெரிந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்? நான் கேட்ட வகுப்புகளில் ஒரு கைகூட உயர்ந்ததில்லை.

இனி நம் ஊரில் நடந்ததற்கு வருகிறேன். போன ஆண்டு ஐந்து மாணவர்கள் என்னிடம் வந்தார்கள். இருவர் ஆறாம் படிவம், மூவர் பாலிடெக்னிக். அவர்களில் ஒருத்தியின் பாட்டி இன்னமும் பால் வெட்டப் போகிறவர். அந்த நிரையில் உள்ள மரங்களை அடுத்த மாதம் சாய்த்துவிட்டுச் செம்பனை நடப்போகிறார்கள். பாட்டியும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டோடு போய்விடுவார். அதற்குள் அவரைப் பற்றிக் குறும்படம் எடுக்க வேண்டும். படம் பிடிக்கத் தோட்டத்தில் கிடைத்த அனுமதி ஒரே ஒரு காலைப்பொழுது. கையில் இருந்தவை இரண்டு கைப்பேசிகள், இரவல் வாங்கிய ஒரு முக்காலி, இரண்டு பக்கக் கதை.

முதல் ஷாட்டை அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். டிரோன். மேலிருந்து முழுத் தோட்டமும், பின்னால் குனோங் ஜெராய் மலையும். "டிரோன் யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டேன். வாடகைக்கு எடுக்கலாம் என்றார்கள். சரி, அதையும் ஒரு கட்டத்தில் வரையுங்கள், பக்கத்திலேயே அடுத்த கட்டத்தையும் வரையுங்கள் என்றேன். அடுத்தது பாட்டியின் கை, கத்தி, பட்டை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் பேத்தியே சொன்னாள்: "அக்கா, பாட்டி ஒருநாளும் தோட்டத்த மேல இருந்து பார்த்ததில்லையே." கட்டம் கிழிக்கப்பட்டது. வாடகைப் பணமும் மிச்சம்.

நாங்கள் ஒட்டுத்தாள்களில் வரைந்தோம். ஒரு தாளுக்கு ஒரு ஷாட். சுவரில் ஒட்டி இடம் மாற்றுவது சுலபம். முதலில் 46 தாள்கள் வந்தன. இரண்டு மாலைகளில் 29 ஆகக் குறைந்தன. குறைத்ததில் பெரும்பாலானவை, ஒரே செய்தியை இரண்டு முறை சொன்னவை.

அப்போதுதான் ஒரு சிக்கல் சுவரில் தெரிந்தது. கதையில், பால் நிறைந்த மங்கு முதலில் வருகிறது. பிறகு நினைவாக, காலி மங்கில் முதல் சொட்டு விழுவது வருகிறது. ஆனால் மரம் நம் கதைப்படி பால் தருமா? காலையில் வெட்டினால் சொட்டுச் சொட்டாக வடிந்து, சில மணி நேரம் கழித்துத்தான் மங்கு நிறையும். அதே மரத்தில் அதே நாளில் திரும்பவும் 'முதல் சொட்டு' கிடையாது. அதனால் ஒவ்வொரு தாளின் மூலையிலும் இரண்டு எண்கள் எழுதினோம். கறுப்பில் இருப்பது படத்தில் வரும் வரிசை. சிவப்பில் இருப்பது எடுக்க வேண்டிய வரிசை. தாள் எண் 3, சிவப்பில் 22 ஆனது. பெரிய படங்களிலும் பெரும்பாலும் கதையின் வரிசைப்படி எடுப்பதில்லை. அங்கே பணம் முடிவு செய்யும், இங்கே மரம் முடிவு செய்தது.

திசையும் ஒரு பாடம். பாட்டி வீட்டிலிருந்து நிரைக்குப் போகும்போது திரையில் இடமிருந்து வலமாக நடக்கிறார். அடுத்த ஷாட்டைப் பாதையின் மறுபக்கத்தில் நின்று எடுத்தால் அவர் வலமிருந்து இடமாக நடப்பார். பார்ப்பவருக்கு அவர் எதையோ மறந்து வீட்டுக்குத் திரும்புவதாகத் தோன்றும். நடக்கும் பாதையை ஒரு கோடாக நினைத்து, கேமராவை அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வைத்திருப்பது விதி. வேண்டுமென்றே மீறலாம், தெரியாமல் மீறக்கூடாது. மூக்கு வரையச் சொன்னது இதற்குத்தான்.

பிறகு அனிமேட்டிக். தாள்களைக் கைப்பேசியில் படம் பிடித்து, காணொளித் தொகுக்கும் செயலியில் வரிசைப்படுத்தினார்கள். பாட்டியின் குரலை அவர் வீட்டுச் சமையலறையிலேயே பதிவு செய்து வந்து அடியில் வைத்தார்கள். பாட்டி மரத்துக்கு மரம் நடக்கும் ஷாட்டுக்குத் தாளில் 3 விநாடி என்று எழுதியிருந்தார்கள். குரலோடு ஓட்டியபோது அது போதவில்லை. "இந்த மரமெல்லாம் நான் கன்னா இருக்கையில பார்த்தது" என்று சொல்லிவிட்டுப் பாட்டி நிறுத்துகிறார். அந்த மௌனம் மட்டுமே 4 விநாடி. ஒரு மாணவர் அதை வெட்டிவிட்டுப் பாட்டு வைக்கலாம் என்றார். இரண்டு மாதிரியும் செய்து ஓட்டிப் பார்த்தார்கள். பாட்டு வைத்ததில் படம் வேகமாகப் போனது, பாட்டியைக் காணவில்லை. மௌனம் தங்கியது, ஷாட் 8 விநாடி ஆனது. இதைத் தாளில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஓடவிட்டால்தான் தெரியும்.

படம் பிடிக்கும் நாளுக்கு முதல் இரவு மழை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: பட்டை நனைந்திருந்தால் வெட்டு கிடையாது. விடியற்காலை ஐந்தரைக்கு நெற்றி விளக்கோடு இருட்டில் தொடங்க வேண்டிய வேலை, ஏழரைக்குப் பிறகுதான் தொடங்கும் என்று பாட்டி சொல்லிவிட்டார். இருட்டுக் காட்சிகள் ஐந்தும் போயின. வேறு நாளும் இல்லை.

சுவரில் இருந்த 29 தாள்களையும் அவர்கள் ஒரு அட்டையில் ஒட்டி எடுத்து வந்திருந்தார்கள். லயத்து வாசலில் அதை விரித்து வைத்துக்கொண்டு, ஐந்து தாள்களைக் கழற்றினார்கள். கதையில் எங்கே ஓட்டை விழுகிறது என்பது உடனே தெரிந்தது. விளக்கு வேண்டும், காத்திருப்பு வேண்டும். பாட்டியோ வாசற்படியில் நெற்றி விளக்கை மாட்டியபடியே உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையே எடுத்தார்கள். விடிந்த பிறகு பாட்டி முதல் மரத்தருகே போய், உள்ளங்கையைப் பட்டையில் வைத்து ஈரம் பார்த்தார். அதுவும் எந்தத் தாளிலும் இல்லாதது. இப்போது படம் அந்த இரண்டு ஷாட்டுகளோடுதான் தொடங்குகிறது. மற்ற 24 தாள்களும் திட்டமிட்டபடியே எடுத்து முடிக்கப்பட்டதால்தான், திட்டத்தில் இல்லாததைக் கவனிக்க அவர்களுக்கு நேரம் இருந்தது.

இதை வேலையாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதுச்சேரிப் பையன் ஒருவன் கடலில் புலியோடு தவிக்கும் 'லைஃப் ஆஃப் பை' படத்துக்காக, இயக்குநர் ஆங் லீ கடல் பகுதியை மட்டும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அனிமேட்டிக்காக முன்கூட்டியே செய்து வைத்திருந்தார். புலியை உருவாக்கிய 'ரிதம் அண்ட் ஹியூஸ்' நிறுவனத்தின் சைபர்ஜெயா கிளையும் அந்த வேலையில் பங்கெடுத்தது. 2013 பிப்ரவரியில் படத்துக்கு ஆஸ்கார் கிடைத்தது. அதே மாதம், விருதுக்குச் சில நாள்கள் முன்புதான், அந்த நிறுவனம் திவால் மனு போட்டிருந்தது. இந்தத் துறையின் மினுமினுப்பையும் நிலையின்மையையும் சேர்த்தே பாருங்கள். நானும் சில மாதங்கள் வேலை இல்லாமல் இருந்திருக்கிறேன். செயற்கை நுண்ணறிவு இப்போது நொடியில் கட்டங்களை வரைந்து தருவதால், அழகாக வரைவது மட்டுமே தெரிந்தவர்களுக்கு வேலை குறைந்து வருகிறது. டிரோன் ஷாட்டைக் கிழித்தது யாருடைய முடிவு என்று யோசித்தால், எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது புரியும்.

படிப்புக்குத் தூரம் போக வேண்டும் என்றில்லை. சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் பல்லூடகப் படிப்பு இருக்கிறது. சைபர்ஜெயாவில் மல்டிமீடியா பல்கலைக்கழகமும், கோலாலம்பூரில் அஸ்வாராவும் அனிமேஷன் கற்றுத்தருகின்றன. எஸ்.பி.எம்.மில் காட்சிக் கலை எடுத்தவர்களுக்கு அது கைகொடுக்கும். எடுக்காதவர்கள் கதை சொல்லத் தெரிந்திருப்பதைக் காட்ட வேண்டும். சேர்க்கைத் தகுதியைப் பல்கலைக்கழகங்களின் இணையத்தளத்திலேயே பாருங்கள், நண்பர் சொன்னதை நம்ப வேண்டாம்.

கருவிகளுக்குக் காசு தேவையில்லை. கிரீட்டா, பிளெண்டர், ஸ்டோரிபோர்டர் மூன்றும் இலவச மென்பொருள்கள். நிறுவனங்களில் டூன் பூம் ஸ்டோரிபோர்டு புரோ பயன்படுத்துவார்கள், அதை அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம். கணினியே இல்லையென்றால் ஒட்டுத்தாளும் கைப்பேசியும் போதும் என்பதை மேலே பார்த்தீர்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அழகான தனி ஓவியங்கள் இருபதை அடுக்கி அனுப்பாதீர்கள். ஒரு நிமிட அனிமேட்டிக் ஒன்று அனுப்புங்கள், அதுவும் இரண்டு மாதிரியாக. கூலிம் பேருந்து நிலையத்தில் ஒரு தாயும் மகனும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பேருந்து வருகிறது, மகன் ஏறுகிறான். முதலில் இதைத் தாயின் பக்கத்திலிருந்து எட்டுக் கட்டங்களில் சொல்லுங்கள். பிறகு அதே எட்டுக் கட்டங்களில் மகனின் பக்கத்திலிருந்து. வசனம் வேண்டாம், பேருந்தின் சத்தம் மட்டும் போதும்.