உங்களுக்குத் தெரியுமா? ஒரு பிடி மண்ணோடு வந்த குடிகள்

புது ஊருக்குக் குடிபோனவர்கள் அண்டா குண்டாவுக்கு முன்னால் எதை எடுத்து வைத்தார்கள் தெரியுமா? மண்ணை. குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் அள்ளி, மஞ்சத்துணியில் முடிந்து, கொண்டுவந்து இறங்கிய இடத்தில் ஒரு மரத்தடியில் வைத்துக் கும்பிட்டார்கள். அதற்குப் 'பிடிமண்' என்று பேர். மதுரையைச் சுற்றி ஒரே சாமிக்கு நாலைந்து ஊரில் கோயில் இருக்கும். விசாரித்தால், "இது பிடிமண் கோயிலு, மூலக்கோயில் மேக்க இருக்கு" என்று பூசாரி கையை நீட்டுவார். ஓலையும் கல்வெட்டும் இல்லாத குடும்பங்களுக்கு, தாங்கள் வந்த வழியைச் சொல்ல அந்தக் கை நீட்டிய திசைதான் சாட்சி.

★

உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, வாடிப்பட்டி, டி.கல்லுப்பட்டி. மதுரைக்கு மேற்கே பஸ் ஏறினால் எத்தனை பட்டி! பட்டி என்பது ஆடு மாடு அடைக்கிற இடம். மேய்ச்சலுக்கு வந்தவர்கள் முள்வெட்டிப் பட்டி போட்டார்கள். பட்டிக்குக் காவலாக ஒரு குடிசை. குடிசைக்குப் பக்கத்தில் இன்னொன்று. ஊர் வளர்ந்து தாலுகா தலைநகரமே ஆனாலும் பேரில் பட்டி நின்றுவிட்டது.

★

மதுரைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் இறங்குகிற மாட்டுத்தாவணிக்கு அந்தப் பேர் எப்படி வந்தது? தாவணி என்றால் இங்கே மாடு விற்கிற சந்தை. பஸ் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் காளை பிடித்துப் பல் பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினார்கள்.

★

மாடுதான் சொத்து என்றால் மாடுதான் சண்டைக்கும் காரணம். ஆண்டிபட்டிப் பக்கம் வைகைக் கரையில் இருக்கிற புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். ஆளுயரம்கூட இல்லாத கற்கள். மேலே தமிழ் பிராமி எழுத்து. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானவை. அதில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் சண்டையில், அதாவது மாடு பிடிக்கிற சண்டையில், மாண்டுபோன அந்தவன் என்கிறவனுக்கு நட்டது. அரசன் பேர் இல்லை, போர்ப் பெருமை இல்லை. மாட்டுக்காக உயிர் விட்ட ஒரு ஊர்க்காரனின் பேர் அத்தனை காலம் மழையில் நனைந்து நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மதுரை வட்டாரத்தில் எனக்கு மிகப் பிடித்த எழுத்து எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

★

களவு போன மாட்டை மீட்க 'துப்புக்கூலி' என்று ஒன்று இருந்தது தெரியுமா? மாடு போன திசையை, தடத்தை, ஆளை அறிந்து துப்புச் சொல்கிறவருக்குக் கொடுக்கிற கூலி. இன்னொரு பக்கம் ஊருக்கு ஊர் காவல் இருந்தது. அறுவடை முடிந்து களத்தில் நெல்லோ சோளமோ குவியும்போது காவல்காரருக்கு அளந்து போடுவார்கள். அவர் காவலில் இருக்கையில் பொருள் களவு போனால் அவரே கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லை ஈடு கட்ட வேண்டும். போலீஸ் வருவதற்கு முன்னால் மதுரைச் சீமையின் இரவுகள் இப்படித்தான் கழிந்தன.

வெள்ளைக்காரர்கள் அந்தக் காவலை ஒழித்தார்கள். காவல் செய்த கள்ளர் குடியையே குற்றப்பரம்பரை என்று எழுதி, ஆண்கள் ரேகை வைக்க வேண்டும் என்றார்கள். உசிலம்பட்டிக்குத் தெற்கே பெருங்காமநல்லூர் மறுத்தது. 1920 ஏப்ரல் 3-ம் தேதி நடந்த துப்பாக்கிச்சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். அந்த ஊரில் அவர்கள் பேரைப் பொறித்த நினைவுத்தூண் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று பேர்களைப் படித்துவிட்டு வாருங்கள்.

★

சோழவந்தான் என்றதும் சோழன் வந்தான் என்று கதை சொல்வார்கள். பழைய பேர் சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம். சோழாந்தகன் என்றால் சோழனுக்கு எமன். வீரபாண்டியன் சூட்டிக்கொண்ட பட்டம் அது.

★

16-ம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் தெற்குச் சீமையை 72 பாளையமாகப் பிரித்தார்கள். பாளையம் என்றால் படை இறங்கிய இடம். மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களை ஆளுக்கு ஒன்றாகப் பாளையக்காரர்களுக்குக் காவலுக்கு விட்டதாகச் சொல்வார்கள். காடு திருத்துவது, குளம் வெட்டுவது, குடிகளைக் கூட்டிவந்து அமர்த்துவது எல்லாம் பாளையக்காரர் பொறுப்பு. தெலுங்கும் கன்னடமும் பேசிய குடிகள் கரிசல் காட்டில் வேர்பிடித்தது இப்படித்தான். துரத்தி வந்தவர்களிடமிருந்து முன்னோர்கள் தப்ப, ஆற்றின் குறுக்கே மரம் வளைந்து வழிவிட்டது என்ற கதையை அவர்கள் வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். கி.ராஜநாராயணன் 1976-ல் 'கோபல்ல கிராமம்' எழுதியது அந்த நினைவுகளை வைத்துத்தான்.

குடியேறிய இடத்துக்குக் காவல் வேண்டுமே? அமெரிக்காவின் கென்டக்கியில் 1775-ல் டேனியல் பூன் குடியேறிய இடத்தில் முழு மரங்களை அடுக்கிக் கோட்டை எழுப்பினார்கள். நம் பக்கம் மண்சுவர், அதைச் சுற்றி முள். உடைமுள்ளும் கிளுவையும் நெருங்கி வளர்ந்த வேலிக்குள் குதிரை நுழையாது.

★

இந்தப் பொட்டல் காட்டில் குடிநீருக்கு என்ன செய்தார்கள்? ஊருணி வெட்டினார்கள். ஊர் உண்ணும் நீர், ஊருணி. அதில் குளிக்கக்கூடாது, துணி அலசக்கூடாது, மாடு இறங்கக்கூடாது. செருப்பைக் கரையில் விட்டுவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றியதும் தரையில் ஊற்றுத் தோண்டுவார்கள். சுரக்கிற நீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைக்க அரை மணி நேரம் பிடிக்கும். வரிசையில் குடத்தை வைத்துவிட்டுப் பெண்கள் அங்கேயே தூங்கியும் இருக்கிறார்கள்.

கலங்கல் தண்ணீருக்கு மருந்து தேத்தாங்கொட்டை. மண்பானையின் உள்பக்கம் அந்தக் கொட்டையைத் தேய்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்தால், கொஞ்ச நேரத்தில் மண் எல்லாம் அடியில் படிந்து மேலே தெளிந்து நிற்கும். தேய்த்துத் தேய்த்துப் பானைக்குள் ஒரு வழவழப்பான வட்டம் விழுந்திருக்கும்.

ஊருணிப் படியில் எல்லாராலும் இறங்க முடிந்ததா? முடியவில்லை. சேரியிலிருந்து வந்த பெண்கள் கரைக்கு வெளியே குடத்தோடு நின்று, யாராவது மனமிரங்கி ஊற்றுவார்களா என்று பார்த்திருந்தார்கள். ஊருணியின் பெருமையை எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதத்தான் வேண்டும்.

★

கிணற்றில் நீர் இறைக்கிற கமலை மாடு பின்னோக்கி நடக்கும் தெரியுமா? கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு தடம். ஒரு சோடி மாடு அதில் இறங்க, வடம் இழுபட்டுக் கூனை தண்ணீரோடு மேலே வரும். கூனையின் அடியில் தோலால் ஆன வால். அதற்குத் தனிக் கயிறு. மேலே வந்ததும் வால் தானே நீண்டு தொட்டிக்குள் தண்ணீரைக் கொட்டும். இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். அவர் எடையும் மாட்டுக்கு உதவி. பிறகு மாடு திரும்பாது. அப்படியே பின்காலால் மேடேறிக் கிணற்றடிக்குப் போகும். விடிவதற்கு முன் தொடங்கி வெயில் ஏறும் வரை முன்னும் பின்னும் இதே நடை. எத்தனை சால் இறைத்தோம் என்கிற கணக்கைப் பாட்டிலேயே வைத்திருந்தார்கள். மோட்டார் வந்த பிறகு சத்தம் மாறிவிட்டது. பழைய கிணறுகளின் விளிம்பில் வடம் அறுத்த பள்ளம் மட்டும் கல்லில் இருக்கிறது. விரலை வைத்தால் உள்ளே இறங்கும்.

★

பாண்டியர் காலக் கண்மாய்களில் தண்ணீருக்கு நடுவே இரண்டு கல்தூண் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குமிழித்தூம்பு அது. மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை. மேல்துளையில் தண்ணீர் போகும், கீழ்த்துளை வண்டலை இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் திறக்கும்போதே கண்மாயும் தூர் வாரப்பட்டது. வயலுக்கு உரமும் கிடைத்தது.

★

அமெரிக்காவில் 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டப்படி, ஐந்து வருடம் குடியிருந்து உழுதவருக்கு 160 ஏக்கர் சொந்தம். அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்த பழங்குடிகளைத் துரத்தித்தான் அந்த நிலம் வந்தது. நம் ஊரில் குடியிருப்புக்கு ஒதுக்கிய மண்ணுக்கு 'நத்தம்' என்று பேர். உழுகிற நிலத்துக்குத்தான் தீர்வை, நத்தத்துக்குக் கிடையாது. தாலுகா ஆபீசில் இன்றைக்கும் கிராம நத்தம் என்றுதான் எழுதுகிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஊருக்குப் பேரே நத்தம்.

★

நெல்லுச்சோறு என்று தனியாகச் சொல்கிற வழக்கம் ஏன்? மற்ற நாளெல்லாம் வேறு சோறு என்பதால். கம்பஞ்சோறு, சோளச்சோறு, வரகு, குதிரைவாலி. தீபாவளி, பொங்கலுக்கு நெல்லுச்சோறு. ராத்திரிக் கம்பஞ்சோற்றை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுக் காட்டுக்குப் போனார்கள்.

தானியம் வைக்க வீட்டுக்குள் ஆளுயரக் குலுக்கை. களிமண்ணில் வைக்கோல் பிசைந்து, ஒரு உறை காய்ந்த பிறகு அதன் மேல் அடுத்த உறை என்று பெண்களே கட்டினார்கள். மேலே மூடி, அடியில் ஒரு கை நுழைகிற துளை, அதைத் துணி சுற்றி அடைத்திருப்பார்கள். அடைப்பை எடுத்தால் கம்பு தானாகச் சரிந்து பெட்டியில் விழும். எங்கள் சொந்தத்தில் ஒரு அப்பத்தா சத்தத்தை வைத்தே சொல்வார்: "இன்னும் மாசிக்கு வரும்."

★

நகரத்துக்குள்ளும் குடியேறிகள் உண்டு. சௌராஷ்டிர நெசவாளர்கள் நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைபெற்றார்கள். வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி, வாசலுக்கு வெளியே தமிழ். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு போட்டால் அது முடிகிற வரை யாரும் குறுக்கே போக மாட்டார்கள். சுங்குடிச் சேலையில் புள்ளி எப்படி விழுகிறது? துணியை நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு, எல்லாம் விரல் நகத்தால்.

★

அமெரிக்கக் குடும்பங்களே மதுரையில் குடியேறியது தெரியுமா? 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து ஹாய்சிங்டன், டாட் என்ற இரண்டு அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள். தமிழ் தெரிந்த யாழ்ப்பாணத்துக்காரர்கள் கூடவே வந்ததால் காலூன்ற முடிந்தது. அந்த மிஷனரிகளின் நாட்டவர் மாட்டு வண்டியில் மேற்கே ஒரிகன் நோக்கிப் போன அதே 1840-களில், இவர்கள் மதுரை வெயிலில் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார்கள். காலராவும் காய்ச்சலும் பலரைக் கொண்டுபோயின. புதைத்தவர்களில் குழந்தைகளும் உண்டு. சாவுக்குப் பயந்து மலையைப் பார்த்தார்கள். 1845-ல் பழனி மலை மேல் சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு வீடு கட்டினார்கள். கொடைக்கானல் தொடங்கியது அந்த இரண்டு வீட்டில்தான். ரோடு இல்லை, பெரியகுளம் பக்கமிருந்து குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். டோலி தூக்கியவர்கள் நம் ஆட்கள். அவர்கள் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை.

★

மதுரையின் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் யார் பேரில்? 19-ம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது, அளந்த சர்வேயர் மாரட். ஆள் வைத்து வேலை வாங்கியவர் பெருமாள் மேஸ்திரி. இடித்து மேடு தட்டியவருக்கே மனை என்று தண்டோரா போட்டார்கள் என்பது மதுரைப் பேச்சு. கலெக்டர் நினைவாக ஊரார் வைத்ததுதான் விளக்குத்தூண்.

★

1895 அக்டோபர் 10-ம் தேதி பெரியாறு அணை திறந்தது. மேற்கே கடலுக்குப் போன தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைக்கு வந்து, பேரணையில் பிரிந்து மேலூர் வரை ஓடியது. மழையை நம்பிப் புஞ்சை விதைத்த காட்டில் நாற்று நட்டார்கள். கட்டிய பென்னிகுவிக்கின் பேரைத் தேனிப் பக்கம் பிள்ளைகளுக்கு இன்னும் வைக்கிறார்கள். மேலூர் வட்டாரத்தில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒருவர்கூட இறங்க மாட்டார். வீசியதும் ஊத்தா என்கிற மீன்பிடிக் கூடையோடு ஊரே சேற்றில். பிடித்த மீனை விற்கக்கூடாது என்பது வழக்கம்.

★

பழைய சாலை ஓரங்களில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுமைதாங்கி. தலைச்சுமையோடு தனியாக வருகிறவர், யாரும் கைகொடுக்காமலே இறக்கி வைத்துத் திரும்பத் தூக்கிக்கொள்கிற உயரம். பல கற்கள் வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக, அவர்கள் வீட்டார் நட்டவை. இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்குப் பதிலாக, ஊர் சுமையை இறக்க ஒரு கல். திருமங்கலத்திலிருந்து உள்ளே போகிற ஒரு சாலையில் அப்படி ஒரு கல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் போன அன்று பார்த்தேன். ஒரு கீரைக்கார அம்மா கூடையை அதில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்லை ஒரு முறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.