குட்டி ரயில்காரர்களின் அரட்டை



குட்டி ரயில் என்றதும் திருவிழாக் கடையில் சாவி கொடுத்தால் வட்டமா ஓடுமே, அதை நினைச்சுடாதீங்க. அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் பெரியவங்களே வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி, மலை, பாலம், ஸ்டேஷன், சிக்னல் எல்லாம் செய்து மாதிரி ரயில் ஓட்டுறாங்க. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 2001 இல் இதற்காக ‘மினியேச்சர் வுண்டர்லேண்ட்’ என்று பெரிய காட்சிக்கூடமே திறந்தாங்க. ஆனால் எனக்கு அந்த ரயிலை விட அவங்க பேசிக்கிற பேச்சுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு.

நம்ம ஊரில் "சாப்டாச்சா?" என்று கேட்கிற மாதிரி அவங்க "இன்னைக்கு உங்க லைன்ல என்ன வேலை?" என்று கேட்பாங்களாம். ஒருத்தர் தண்டவாளத்துக்கு நடுவில் குட்டி ஜல்லி ஒட்டுறேன், பசை உள்ளே இறங்காமல் முத்து முத்தா மேலேயே நிக்குதுன்னு புலம்புவார். இன்னொருத்தர், பசையில் தண்ணி கலந்து ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி விடுங்க என்பார். இது வெறும் கைவைத்தியம் இல்லை. எட்டாம் வகுப்பில் பரப்பு இழுவிசை படித்தோமே, சோப்பு அதைக் குறைச்சுடும். அப்புறம் பசை ஜல்லிக்குள்ளே தானா இறங்கிடும். பாடத்தில் படிச்சப்ப எனக்கு இவ்வளவு நல்லா மனசுல நிக்கலை.

அடுத்த பேச்சு அளவு. அதிகம் பேர் வைத்திருப்பது 87 இல் ஒரு பங்கு அளவு. 174 சென்டிமீட்டர் உயர ஆள் அதில் 2 சென்டிமீட்டர்தான். அந்த நாடுகளில் நிஜத் தண்டவாள இடைவெளி 1435 மில்லிமீட்டர். அதை 87 ஆல் வகுத்தால் சுமார் 16.5 மில்லிமீட்டர். கடையில் விற்கிற குட்டித் தண்டவாளமும் அதே 16.5 தான். ஆனால் நம்ம நாட்டு பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்க, 19.3 வரும். அதனால் நம்ம ரயிலை அந்தத் தண்டவாளத்தில் ஓட்டினால் கீழே ஒல்லியா இருக்கும். இப்படி மில்லிமீட்டருக்குச் சண்டை பிடிக்கிறவருக்கு ‘ரிவிட் எண்ணுறவர்’ என்று பட்டப்பெயர். எஞ்சினில் எத்தனை ரிவிட் என்று எண்ணிப் பார்த்துக் குறை சொல்வாராம். (நம்ம வகுப்பிலும் ஒருத்தி இருக்கா, பேர் சொல்ல மாட்டேன்.)

ஒரு நல்ல ஜோக். நீராவி எஞ்சினை சக்கரத்தை எண்ணித்தான் சொல்வாங்க. முன்னால் 4, நடுவில் 6, பின்னால் 2 இருந்தால் அது 4-6-2. நம்ம மீட்டர்கேஜில் ஓடின ஒய்.பி. எஞ்சின் அந்த வகைதான். குட்டி ரயில்காரங்க "நான் 0-5-0 எஞ்சினைக் கூப்பிட்டேன்" என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? தடம் புரண்ட பெட்டியை ஐந்து விரலால் தூக்கி வைத்தேன் என்று அர்த்தம்!

இந்த அரட்டையில் இருந்து உலகம் முழுக்கப் பரவின சொல்லும் உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரியில் 1946 இல் மாணவர்கள் மாதிரி ரயில் கிளப் ஆரம்பித்தாங்க. ரயில் ஓடும் மேசைக்கு அடியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கிற மாதிரி ரிலேக்களும் வயர்களும் பின்னிக் கிடக்கும். அதை நோண்டி நோண்டிப் புதுசா ஏதாவது செய்கிறதை அவங்க ‘ஹேக்’ என்றாங்க. 1955 இல் எழுதின கூட்டக் குறிப்பில், மின் இணைப்பில் வேலை செய்கிறவங்களும் ‘ஹேக்’ பண்ணுகிறவங்களும் ஃபியூஸ் போகாமல் இருக்க மெயினை நிறுத்திடுங்க என்று இருக்கு. 1959 இல் பீட்டர் சாம்சன் என்ற மாணவர் இவங்க சொற்களுக்கு ஒரு அகராதியே எழுதிட்டார். பிறகு அவங்களில் பலர் கம்ப்யூட்டர் பக்கம் போனாங்க, அந்தச் சொல்லும் கூடவே போனது. 1962 இல் ‘ஸ்பேஸ்வார்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு வந்தது. அதற்குக் கையில் பிடிக்கும் பெட்டியைக்கூட ரயில் கிளப்பில் கிடந்த சாமானில் இருந்துதான் செய்தாங்க. இப்ப செய்தித்தாளில் ஹேக்கர் என்றால் திருடன் மாதிரி போடுறாங்க. முதலில் அப்படி இல்லை.

இன்னொரு பேச்சு கொஞ்சம் வருத்தமானது. இங்கிலாந்தில் 1963 இல் பீச்சிங் என்பவர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு ஆயிரக்கணக்கான மைல் ரயில் பாதையை மூடிட்டாங்க. அந்த மூடின கிளைப் பாதைகளைத்தான் அங்கே நிறையப் பேர் குட்டியாச் செய்கிறாங்க. "அந்த ஸ்டேஷன் கதவு என்ன கலர்? தண்ணித் தொட்டி எந்தப் பக்கம்?" என்று கேட்டால், அங்கே வேலை பார்த்த பெரியவர் யாராவது பதில் சொல்வார். அவர் சொல்லலை என்றால் அது யாருக்கும் தெரியாமலே போயிடும்.

இதைப் படிச்சதும் நான் எங்க தாத்தாவிடம் போய் உட்கார்ந்துட்டேன். அவர் மீட்டர்கேஜ் காலத்து கேங்மேன். பிராட்கேஜ் ஆனதும் எங்க ஊரில் வண்டி நிக்கிறதை எடுத்துட்டாங்க, இப்ப அங்கே கருவேலந்தான் இருக்கு. பிளாட்பாரம் எவ்வளவு நீளம் என்று கேட்டேன். "இருநூறு மீட்டர் இருக்கும்மா" என்றார். மணிக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடிப்பாங்களாம், அது வேப்பமரத்துக்குக் கிழக்கேயாம். நேத்து சாயங்காலம் நோட்டில் நாலு பக்கம் எழுதிட்டேன். 200 மீட்டரை 87 ஆல் வகுத்தால் 2.3 மீட்டர். நம்ம வகுப்பில் ரெண்டு பெஞ்சை நீளவாக்கில் சேர்த்துப் போட்டால் சரியா வரும்னு நினைக்கிறேன். அட்டை, தீக்குச்சி, ஃபெவிகால் இருக்கிறவங்க வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் என்னிடம் சொல்லுங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி